வெள்ளை நாய்க்கு என் ஓட்டு இல்லை

விலங்குக்கு வரையாடு, பறவைக்கு மரகதப்புறா, மரத்துக்குப் பனை, மலருக்குச் செங்காந்தள், விளையாட்டுக்குக் கபடி. 2019இல் வண்ணத்துப்பூச்சிக்கும் இடம் கிடைத்து, தமிழ் மறவன் உள்ளே வந்தது. தமிழ்நாட்டின் அடையாளப் பட்டியலில் நாய்தான் இன்னும் ஏறவில்லை. ஏற்றுவதென்றால் எதை ஏற்றலாம் என்று பெரிய காஞ்சிபுரத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் ராஜபாளையம் என்று பதில் வந்துவிடும். “வெள்ளை வெளேர்னு கம்பீரமா நிக்கும்ல?” என்று காரணமும் கூடவே வரும். எனக்கு உறுத்துவது அந்த வெள்ளை வெளேர்தான்.

நாய்க்கெல்லாம் சட்டமன்றத்தில் தீர்மானமா என்று சிரித்துவிட முடியாது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1964இல் செசபீக் பே ரிட்ரீவர் என்ற நாயைத் தன் மாநில நாயாக அறிவித்தது. தண்ணீரில் விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வரும் நாய் அது. அந்த விரிகுடாவிலேயே உருவானது. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா கிரேட் டேனைத் தேர்ந்தெடுத்தது. அது ஜெர்மனியில் உருவான இனம். அந்த மாநிலத்தை நிறுவிய வில்லியம் பென்னுடைய படத்தில் அந்த நாயும் இருக்கிறது என்பதுதான் சிபாரிசு. குரல் வாக்கெடுப்பு என்று சபாநாயகர் சொன்னதும் உறுப்பினர்கள் குரைத்தே ஆதரவு தெரிவித்தார்களாம். டெக்சஸ் 2005இல் நீல லேசியை எடுத்துக்கொண்டது. பெயரில்தான் நீலம், அந்த இனத்தில் சிவப்பு நாயும் உண்டு, மூன்று நிறம் கலந்ததும் உண்டு.

நம் பக்கத்திலும் பாதி வேலை நடந்துதான் இருக்கிறது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது: இமாலய ஆட்டுநாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஆடு மாடுகளின் இனங்களைப் பதிவு செய்யும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் நாய்களில் முதலில் பதிவு செய்த மூன்றில் இரண்டு நம்முடையவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்து முதோல்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டம். கோம்பை தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கன்னியும் அதே தென்கோடிக் கரிசல் பூமிதான். அரசு முத்திரையில் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமும் அதே விருதுநகர் மாவட்டம். தொண்டை மண்டலத்துக்கென்று பெயர் பெற்ற நாய் ஒன்றுகூட இல்லை. நாம் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அடுத்த ஊர் வேட்பாளருக்குத்தான் போட வேண்டும். அதனால் காஞ்சிபுரத்துக்காரன் சொல்வதில் ஊர்ப்பாசம் கலந்திருக்காது என்று நம்பலாம்.

இனி அந்த வெள்ளைக்கு வருவோம்.

நாய்க்குட்டி கருவில் இருக்கும்போது, முதுகுத்தண்டு உருவாகும் இடத்தை ஒட்டி நரம்பு முகடு என்றொரு செல்கூட்டம் தோன்றுகிறது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் மெலனோசைட் செல்களின் முன்னோடிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. முதுகிலிருந்து விலா வழியாக வயிற்றுக்கும், தலைவழியாக முகத்துக்கும், கால் வழியாக விரல் நுனிக்கும் நகர்ந்து பரவுகின்றன. அவை போய்ச் சேராத இடத்தில், அல்லது சேர்ந்தும் பிழைக்காத இடத்தில், நிறம் கிடையாது. நம் தெரு நாய்களைக் கவனித்தால் வெள்ளை பெரும்பாலும் பாதத்திலும் நெஞ்சிலும் வால் நுனியிலும்தான் தொடங்கும். முதுகிலிருந்து பார்த்தால் அவையெல்லாம் கடைக்கோடிகள். எம்.ஐ.டி.எஃப். என்ற மரபணு இந்தச் செல்களின் வளர்ச்சியையும் பிழைப்பையும் கட்டுப்படுத்தும் முக்கியமான ஒன்று. அதன் சில வடிவங்கள் இருக்கும் நாய்களில் செல்களின் பயணம் பாதி வழியிலேயே தடைபட்டு, உடம்பில் பெரும்பகுதியோ முழுவதுமோ வெள்ளையாக நின்றுவிடுகிறது.

வெள்ளை என்பது இங்கே பூசிய நிறமே அல்ல, நிறச்செல் இல்லாமை. வெறும் தோல் சமாசாரம் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே செல்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவின் பக்கச் சுவரில் ரத்த நாளங்கள் நிறைந்த ஒரு பட்டை உண்டு. அங்கே குடியிருக்கும் மெலனோசைட்டுகள், காக்ளியாவுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் குறையாமல் காத்து, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் நுண்மயிர்ச் செல்களுக்கு மின்னழுத்தம் கிடைக்க வழி செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பட்டை சுருங்கிப் போகும். பின்னாலேயே நுண்மயிர்ச் செல்களும் சாகும். ஒருமுறை செத்தால் நாய்க்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

இது நடக்கும் நேரம்தான் கொடுமை. நாய்க்குட்டி பிறக்கும்போது காதுத் துளை மூடியிருக்கும்; இரண்டு வாரத்தில் திறக்கும். நிறச்செல் இல்லாத காதில் அழிவு தொடங்குவதும் ஏறக்குறைய அடுத்த ஓரிரு வாரங்களில்தான். குட்டி உலகத்தைக் கேட்க ஆரம்பிக்கும்போதே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

உலகத்தில் இதற்காக அதிகம் சோதிக்கப்பட்ட இனம் புள்ளிபோட்ட டால்மேஷியன். அடிப்படையில் அதுவும் வெள்ளை நாய்தான். புள்ளிகள் பிறகு வருபவை. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்குக் காதில் கோளாறு. சோதித்தவற்றில் 8 சதவீதம் இரண்டு காதும் கேட்காதவை. 22 சதவீதத்துக்கு ஒரு காது மட்டும் கேட்காது. இந்த ஒற்றைக் காதுச் செவிடுதான் வளர்ப்பவர்களை ஏமாற்றுவது. பின்னால் நின்று கை தட்டினால் நாய் திரும்பும், நல்ல நாய் என்று இனவிருத்திக்கு விடுவார்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அது ஒரு நொடி தடுமாறுவதைக் கூர்ந்து பார்ப்பவர் குறைவு. மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை இருக்கிறது. தலைத்தோலில் மெல்லிய மின்முனைகள் வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்துப் பார்ப்பது. கேட்கும் காதுக்கு அலை எழும்பும், கேட்காத காதுக்குக் கோடு படுத்துவிடும். குட்டி ஒன்றரை மாதம் ஆனால் செய்துவிடலாம். குட்டி வாங்கும்போது ரோமத்தையும் பல்லையும் வாலையும் பார்க்கும் நம் ஆட்கள் காதைக் கேட்பதில்லை.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைபீரியாவின் சமாயிட் நாயும் வெள்ளைதான், ஆனால் அதன் மூக்கும் உதடும் கன்னங்கரேல் என்று இருக்கும். அதன் தோலில் நிறச்செல்கள் இருக்கின்றன, ரோமத்துக்கு மட்டும் நிறம் மங்கிப் போயிருக்கிறது. அதனால் காதுக்கு ஆபத்தில்லை. ராஜபாளையத்தின் இலக்கணமாக நம்மவர்கள் மெச்சுவதோ பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். மூக்கே நிறமிழந்திருக்கிறது என்றால் செல்கள் அதுவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். பிறவிச் செவிடு ராஜபாளையத்தில் வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதிதான். அதே இனத்தில் கருப்பும் பழுப்பும் கலந்த குட்டிகள் அவ்வப்போது பிறப்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் குட்டிகளுக்கு விலை இல்லை. ‘கலப்பு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். காது நன்றாகக் கேட்க வாய்ப்புள்ள குட்டியை ஒதுக்கிவிட்டு, வாய்ப்புக் குறைந்ததற்கு அதிக விலை கொடுக்கிறோம்.

மாநில நாய் என்று அறிவித்துப் பாடப் புத்தகத்திலும் சுவரொட்டியிலும் ஒரு வெள்ளை நாயை அச்சடித்தால் இந்த வழக்கம் என்ன ஆகும்? யூகிக்க வேண்டியதில்லை, ஜப்பானில் நடந்திருக்கிறது. அங்கே நாட்டு நாய்களை இயற்கை நினைவுச் சின்னங்களாக அறிவித்தார்கள். 1931இல் அகிதாவில் தொடங்கி 1937இல் ஷிகோகு, ஹொக்கைதோ வரைக்கும் ஏழு இனங்கள், பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தின் பெயரில். 1934இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது கிஷு; மலைக்காட்டில் பன்றி வேட்டைக்குப் போன நாய். அதுவரை கிஷுவில் சிவப்பு, வரிப்புலி நிறம், எள்ளு நிறம் என்று பலவும் சகஜம். அறிவிப்போடு, ஒரே நிறத்து நாய்தான் சுத்தம் என்ற விதியும் வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வரியும் புள்ளியும் மறைந்தே போயின. இன்று கிஷு என்றால் பெரும்பாலும் வெள்ளை நாய். அதே 1934இல் சின்னமான இன்னொரு நாய் கோஷி. பட்டம் அதைக் காப்பாற்றவில்லை. 1971இல் அந்த இனமே அற்றுப்போனது.

பெயர் கிடைத்தால் கிராக்கி வரும், கிராக்கி வந்தால் இனம் பிழைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கிராக்கி வருவது உண்மை. நாய் நடித்த 87 ஆங்கிலப் படங்களை எடுத்துக்கொண்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, படம் வெளியான பிறகு அந்த இனத்தின் மவுசு பத்தாண்டு வரைக்கும் நீடிக்கக்கூடும் என்று கண்டது. அவசரமாகக் குட்டி வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? பரிசு வாங்கிய நாலைந்து கடுவன்களைத் தேடி ஊரெல்லாம் பெட்டை நாயை ஓட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு தலைமுறை தாண்டினால் எல்லாக் குட்டிக்கும் அதே தாத்தா. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2021இல் வந்த ஆய்வு 227 இனங்களை அலசியது. அவற்றின் உள்ளினச் சேர்க்கை அளவு சராசரியாக 25 சதவீதம். கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் இணைந்தால் பிறக்கும் குட்டிக்கு இருக்கும் அளவு அது. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தும் மரபணுக் கணக்கில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த ‘சுத்த இனம்’ என்ற எண்ணமே பழசல்ல. இங்கிலாந்தின் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது 1859இல். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். அதற்கு முன்னால் முயல் பிடிக்கிற நாயை முயல் பிடிக்கிற நாயோடு சேர்த்தார்கள். நிறத்தைப் பார்த்தது குறைவு. பதிவேடு மூடப்பட்ட பிறகுதான் வெளியிலிருந்து ரத்தம் வருவது நின்றது.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சேலையைத் திருப்பிக் கோர்வை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம், ஜரிகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். நாயைத் திருப்பிப் பார்த்து இனம் சொல்வது அத்தனை சுலபமில்லை. அதற்கு நல்ல சாட்சி கன்னியும் சிப்பிப்பாறையும்.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரே வாட்டத்து நாய்க்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் மாறுகிறது. கூர்ந்த முகம், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால். உடம்பு கருப்பாகவும், கண்ணுக்கு மேல் இரண்டு பொட்டு, கன்னம், நெஞ்சு, கால் எல்லாம் செம்பழுப்பாகவும் இருந்தால் கன்னி. பாலேடு நிறம் என்றால் பால் கன்னி. செவலை, சாம்பல் என்று மற்ற நிறத்தில் வந்தால் சிப்பிப்பாறை. மரபியலில் இது ஒரு சின்ன விஷயம். அகூட்டி என்ற மரபணுவின் ஒரு வடிவம் செவலை தருகிறது, அது ஓங்கியது. இன்னொரு வடிவம் கருப்பும் செம்பொட்டும் தருகிறது, அது ஒடுங்கியது. இரண்டு செவலை நாய்கள் தங்களுக்குள் அந்த ஒடுங்கிய வடிவத்தை மறைத்து வைத்திருந்தால், பிறக்கும் குட்டிகளில் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கருப்புக் குட்டி விழ வாய்ப்பு உண்டு. பாலேடு நிறத்துக்கு நாய்களில் வழக்கமான காரணம் வேறொரு மரபணு. ரோமத்தில் கருநிறமி தயாராவதையே அது நிறுத்திவிடுகிறது. ஆக ஒரே ஈற்றில், ஒரே மடியில் பால் குடிக்கும் குட்டிகளில் ஒன்று சிப்பிப்பாறை, பக்கத்தில் இருப்பது கன்னி. கர்னால் பதிவேட்டில் அந்த முதல் மூன்றில் ஏறியது சிப்பிப்பாறை. அதன் கருப்புத் தங்கை எந்தக் கணக்கில் சேர்த்தி?

இந்த நாயின் உடம்பைப் பார்த்தாலே அது எதற்கு உருவானது என்று தெரிந்துவிடும். மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்துத் துரத்தும் வகை. ஓடும்போது ஒவ்வொரு தாவலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும்: உடம்பு சுருங்கும்போது ஒருமுறை, விரியும்போது ஒருமுறை. முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிரும். ஆழமான நெஞ்சுக்கூட்டில் பெரிய இதயமும் நுரையீரலும் அடங்கும். கொழுப்பு அறவே குறைவு. விலா எலும்பு தெரிந்தால் பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று பொருளில்லை. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இதே உடல்வாகுள்ள கிரேஹவுண்டுகளுக்குச் சில வகை மயக்க மருந்துகள் கல்லீரலில் மெதுவாகத்தான் சிதையும், மயக்கம் தெளிய வெகுநேரம் ஆகும். கன்னியோ சிப்பிப்பாறையோ வைத்திருப்பவர் கருத்தடை அறுவைக்குக் கொண்டுபோகும்போது மருத்துவரிடம் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. முயல் வேட்டை இன்று வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஓடுவதற்காகவே செதுக்கிய நாய்க்கு ஓட வேலை இல்லாமல் போய்விட்டது.

கோம்பையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. செம்பழுப்பு உடம்பு, கரிய வாய், பன்றி வேட்டையிலும் காவலிலும் பேர் எடுத்தது. முரட்டு நாய் என்ற பேரும் கூடவே ஒட்டிக்கொண்டது. அந்தப் பேரை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் குணத்தை அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான் என்றது. வீரம், விசுவாசம் என்று மாநில நாய்க்கு மேடையில் புகழ் பாடுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பேசாமல் நாட்டு நாயையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருக்கும்போது, சுவரோரமாக ஒதுங்கிப் போகும் செம்மண் நிற நாய், விரிந்த காதும் சுருண்ட வாலுமாக. யாரும் பொறுக்கி எடுத்து வளர்க்காததால் அதன் மரபணுவில் வகை அதிகம். நோயும் வெயிலும் பட்டினியும்தான் அதைச் சலித்திருக்கின்றன. மாநிலத்தின் எல்லா மாவட்டத்துக்கும் பொது. பழம்பெருமைக்கும் குறைவில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், செங்கம் பகுதியில் எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். எருமை மந்தையைக் காக்கும்போது மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கான கல். கூடவே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்து சொல்கிறது. என்ன இனம், என்ன நிறம் என்று கல்லில் ஒரு சொல் இல்லை.

ஆனாலும் தெரு நாயை மாநில நாயாக அறிவிக்கும் துணிச்சல் எந்த அரசுக்கும் இன்றைக்கு வராது. வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு வரிசையில் நிற்பவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, கருத்தடையும் ஊசியும் போட்டுத் திரும்ப விடலாம் என்று பதினைந்து நாளுக்குள் அந்த ஆணையை மாற்ற வேண்டிவந்தது. அத்தனை சிக்கலான விவகாரத்தில் பட்டம் சூட்டும் வேலை வேண்டாம்.

என் ஓட்டு கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும், இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்து. காரணம் அழகல்ல. நம் நாய்களில் இன்னும் பல நிறம் புழங்குவது அதில்தான். நிறம் பல இருந்தால் பொறுக்குவதற்கு நாய்களும் பல மிஞ்சும். இரண்டு பெயரையும் ஒன்றாக்கினால் இனவிருத்திக்குக் கிடைக்கும் நாய்களின் தொகை அந்த நாளிலேயே கூடிவிடும், ஒரு செலவும் இல்லாமல். கன்னி வளர்ப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும். அவர்களுக்குக் கருப்பில் ஒரு பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுப்பது சிரமம்.

ராஜபாளையத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பட்டத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது காதுச் சோதனையும், கருப்புத் திட்டு விழுந்த குட்டிக்குப் பதிவேட்டில் ஓர் இடமும். கண்காட்சியில் நடுவர்கள் கருப்பு மூக்குக்கு மதிப்பெண் குறைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை ஆகிவிடும். வளர்ப்பவர் பரிசு எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம்தான் இனத்தைத் திருப்புவார். சோதனை செய்யும் கருவி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இருந்தால் போதாது. குட்டி விற்கும் இடத்தில் சான்றிதழ் கேட்கும் வழக்கம் வர வேண்டும்.

அரசாணை என்று ஒன்று வந்தே தீருமானால், அதில் தனி நாயின் படத்தை அச்சடிக்காமல் ஓர் ஈற்று முழுவதையும் அச்சடிக்கச் சொல்வேன்: தாய், பக்கத்தில் ஒரு கருப்புக் குட்டி, இரண்டு செவலை, ஒரு சாம்பல், கடைசியில் பாலேடு நிறத்தில் ஒன்று.